கராஜில் செய்த பம்பர் மட்டமானதல்ல

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மலைப்பாதைகளிலும் பாறைப்பாதைகளிலும் பிக்கப் ஓட்டுகிறவர்களிடையே ஒரு கருத்து வேரோடிப் போயிருக்கிறது. கதவுபோல் திறந்து மூடும் ஸ்டெப்னி தாங்கியோடு கூடிய பின் பம்பரைக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். வீட்டுக் கராஜில் இரும்புக் குழாயை அறுத்து வெல்டிங் வைத்ததை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது, பின்னால் வருகிறவர் உயிரோடு விளையாடுவது. கம்பெனிக்காரர்கள் சோதித்துப் பார்த்து விற்கிறார்கள். நீ எதைச் சோதித்தாய்? இப்படிப் போகிறது வாதம். இருபது வயதுப் பையன் ஒருவன் வார இறுதிகளையெல்லாம் செலவிட்டுத் தன் கையால் செய்ததைக் காட்டுகிறான். கீல் எப்படி இருக்கிறது, சேஸிஸோடு எப்படிப் பிணைத்திருக்கிறான் என்று குனிந்துகூடப் பார்க்காமல், "இதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒன்று வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பொறுப்பான அறிவுரைபோல் ஒலிக்கும் அந்தப் பேச்சு, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எல்லோருடைய பார்வையையும் திருப்பிவிடுகிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். 1984 முதல் 1988 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்டெப்னி சரக்குத் தொட்டிக்கு அடியில், பின் அச்சுக்குப் பின்னால், சங்கிலியில் தொங்கும். வண்டியோடு வந்த டயரின் உயரம் 28 அங்குலத்தை ஒட்டி இருக்கும். பாறையில் ஏறுவதற்கென்று 33 அங்குல டயர் போட்டால் ஸ்டெப்னியும் 33 ஆக வேண்டும். அது அடியில் சரியாக அடங்காது. எப்படியோ அடக்கினாலும், பாறையிலிருந்து இறங்கும்போது முதலில் உரசுவது அதுதான். தொட்டிக்குள் போட்டால் கூடாரத்துக்கும் தண்ணீர்க் கேனுக்கும் இடமில்லை. ஆகவே பம்பரின் ஒரு மூலையில் கீல் வைத்து, அதில் ஓர் ஆர்மைப் பொருத்தி, டயரை அதன்மேல் மாட்டி, மறுமூலையில் கொண்டி போட்டுப் பூட்டுகிறார்கள். கொண்டியை விடுவித்தால் ஆர்ம் வெளியே சுழலும்; தொட்டிக் கதவைத் திறக்கலாம். ஸ்டெப்னியையும் பெட்ரோல் கேனையும் வண்டியின் முதுகில் சுமப்பது இரண்டாம் உலகப் போர் ஜீப்பிலேயே இருந்த ஏற்பாடுதான். 1953இல் கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையில் ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்ற ஜீப் ஓட்டிகளின் கூட்டுப்பயணம் முதன்முதலாக நடந்தபோது, இன்றைக்கு இருப்பதுபோல் ஸ்டீல் பம்பருக்கென்று ஒரு சந்தை இல்லை. வேண்டியதை அவரவர் பட்டறையில் செய்துகொண்டார்கள். இன்று கம்பெனிகள் விற்கிற வடிவங்களும் அந்தப் பட்டறைகளிலிருந்து வளர்ந்தவைதான்.

தொழிற்சாலையிலிருந்து வந்த பம்பர் என்றாலே ஒரு பக்தி இருக்கிறதே, அதன் வரலாறு கொஞ்சம் பார்க்கத் தக்கது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டதற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் இறக்குமதிச் சிறு லாரிகள்மீது 25 சதவீத வரி விதித்தார். ஓட்டுநர் அறையும் சேஸிஸும் மட்டுமாக வந்தால் வரி 4 சதவீதம்தான். 1980 வரை அந்த வழி திறந்திருந்தது. ஜப்பான் பிக்கப்கள் தொட்டியில்லாமல் கப்பலில் வந்து இறங்கின. டொயோட்டாவின் தொட்டிகள் 1972 முதல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் செய்யப்பட்டன. பின் பம்பரோ அந்தக் காலத்துப் பிக்கப்களில், ஜப்பான் வண்டியானாலும் அமெரிக்க வண்டியானாலும், விலை குறைந்த வகைகளில் பெரும்பாலும் சேர்ந்தே வராது. தனிக் காசு கொடுத்து விற்பனையாளரிடம் மாட்டிக்கொள்ள வேண்டிய பொருள் அது. பின் பம்பரே இல்லாத வண்டியைச் சாலையில் விட எந்தக் கம்பெனிக்கும் தயக்கம் இருக்கவில்லை. அதே வண்டியில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள குழாயைப் பொருத்துகிறவனைப் பார்த்து 'கம்பெனி வடிவமைப்பைக் கெடுத்துவிட்டான்' என்று சொல்வதற்கு என்ன பொருள்?

'சோதிக்கப்பட்டது' என்ற வாதம் இதைவிடவும் பலவீனமானது. பம்பருக்கென்று அமெரிக்க மத்திய அரசின் விதி ஒன்று இருக்கிறது: ஒழுங்குமுறைத் தொகுப்பின் 49ஆம் தலைப்பு, 581ஆம் பகுதி. கார்கள் மணிக்கு 2.5 மைல் வேகத்தில், அதாவது ஆள் நடந்துபோகிற 4 கிலோமீட்டர் வேகத்தில், மோதும்போது எவ்வளவு சேதம் ஆகலாம் என்று அது வரையறுக்கிறது. முன்பு 5 மைலாக இருந்ததை 1982இல் பாதியாகக் குறைத்தார்கள். வண்டிக்கு ஆகும் சேதத்தைக் குறைப்பதுதான் விதியின் நோக்கம்; பயணிகளின் உயிர்க்காப்பு அதில் பேசப்படவில்லை. அந்த விதியும் பயணிகள் காருக்கு மட்டும்தான். பிக்கப்புக்கும் ஜீப்புக்கும் எஸ்யுவிக்கும் பொருந்தாது. தொழிற்சாலையே கடக்க வேண்டியிராத ஒரு சோதனையை, கடையில் விற்கும் ஆஃப்-ரோடு பம்பர் கடந்துவிட்டது என்று எந்த ஆதாரத்தில் நம்புகிறோம்? சுழலும் ஸ்டெப்னி தாங்கிக்கென்று தனியாக மத்திய அரசின் தரச்சோதனை எதுவும் கிடையாது. பல மாநிலங்கள் பம்பரின் உயரத்தையும், நம்பர் பலகையும் விளக்கும் தெரிவதையும் பார்க்கின்றன. கீலின் பேரிங்கை யாரும் பார்ப்பதில்லை.

மனச்சாட்சியோடு செய்யும் நிறுவனங்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. சில நிறுவனங்களின் வேலையைத் தடவிப் பார்த்தாலே மரியாதை வரும். ஆனால் பெயர் ஒரு சான்றிதழ் ஆகாது. நண்பர் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய பம்பரில் ஆர்ம் தொய்ந்து, கொண்டி ஒட்டாமல் போயிற்று. கீலைச் சுற்றியிருந்த கறுப்பு பவுடர் கோட்டிங்கைக் கிரைண்டரில் சுரண்டினோம். வெல்டிங்கின் மேலே அழகான மீன்செதில் வரிசை. ஓரத்தில் முடிபோல ஒரு கீறல். கீறலுக்குள் பழுப்புத் துரு. நேற்று வந்த கீறலில் அப்படித் துரு இருக்காது. அறுத்துப் பார்த்தபோது கீலின் தண்டு பம்பர் குழாயின் மேல்தகட்டில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே போய்க் கீழ்த்தகட்டைத் தொடவே இல்லை. முழுச் சுமையையும் 5 மில்லிமீட்டர் தகடு ஒன்று தனியாகத் தாங்கியிருக்கிறது. பவுடர் கோட்டிங் என்பது துருவைத் தடுக்கும் பூச்சு; வாங்குகிறவர் கண்ணுக்கு அது திரையாகவும் ஆகிவிடுகிறது.

அந்தக் கீலைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 33 அங்குல டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்தால் 35 முதல் 40 கிலோ. இருபது லிட்டர் பெட்ரோல் கேன் நிரம்பினால் கேனோடு 20 கிலோவை நெருங்கும். நெட்டை ஜாக்கி ஒன்றையும் அதே ஆர்மில் மாட்டுவார்கள். 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கீலிலிருந்து அந்தச் சுமையின் மையம் 65 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கீலுக்குள் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பேரிங். இரண்டுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர். ஆர்ம் திறந்து தொங்கும்போது ஒவ்வொரு பேரிங்கும் பக்கவாட்டில் தாங்குவது சுமார் 490 கிலோ. இடைவெளியை 15 சென்டிமீட்டராக்கினால் அது 325 கிலோவாக இறங்கும். அதற்குத் தேவை ஐந்து சென்டிமீட்டர் கூடுதல் குழாய், அவ்வளவுதான். இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடத்து நெம்புகோல் பாடம் போதும்.

அந்தக் கீலை எதைக் கொண்டு செய்கிறார்கள்? டிரெய்லர் சக்கரத்தின் ஸ்பிண்டிலும் டேப்பர் ரோலர் பேரிங்கும்தான். 3,500 பவுண்டு தாங்கும் டிரெய்லர் அச்சில் ஒவ்வொரு முனையும் 1,750 பவுண்டு, ஏறக்குறைய 800 கிலோ சுமக்கும் கணக்கில் செய்யப்பட்டது. அதன் பேரிங் எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். டேப்பர் பேரிங் மேலிருந்து வரும் சுமையையும் பக்கத்திலிருந்து வரும் சுமையையும் சேர்த்துத் தாங்கும், தேய்ந்தால் நட்டைக் கொஞ்சம் முறுக்கி ஆட்டத்தை எடுத்துவிடலாம், கிரீஸ் வைக்கலாம். வெறும் பித்தளைப் புஷ் போட்ட கீலில் இந்தச் சரிசெய்தல் கிடையாது, தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். ஸ்பிண்டிலைப் பம்பர் குழாயின் மேல்தகட்டிலும் கீழ்த்தகட்டிலும் துளை போட்டு ஊடுருவ விட்டு, இரண்டு பக்கமும் சுற்றி வெல்டிங் வைத்தால், நான் மேலே சொன்ன கீறல் வருவதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும். கராஜில் செய்கிறவன் இதைச் செய்கிறான். அவன் அறிவாளி என்பதால் அல்ல. தன் வண்டிக்குப் பின்னால் தன் பிள்ளைகள் நிற்கப்போகிறார்கள் என்பதாலும், அரை மணி நேரம் கூடுதலாக ஆனால் யாரும் அவனிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை என்பதாலும்.

இதைவிடவும் முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. கீல் தனியாகச் சுமையைத் தாங்குவது ஆர்ம் திறந்திருக்கும்போது மட்டும்தான். அப்போது வண்டி நிற்கிறது, குலுக்கல் இல்லை. ஓடும்போது ஆர்ம் மூடியிருக்கிறது. மூடிய ஆர்மின் மறுமுனை பம்பரின்மேல் ஒரு சரிவுக் கட்டையில் ஏறி உட்கார்ந்தால், சுமை இரண்டு முனைக்கும் பங்காகிவிடும். பாறையில் வண்டி தூக்கிப் போட்டாலும் கீலுக்குப் பெரிதாக முறுக்கு போகாது. கட்டையின்மேல் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வைத்தால் கடகட சத்தமும் இல்லை. கொண்டியின் வேலை ஆர்மை இழுத்து அணைத்து வைப்பது. எடை சுமப்பது அதன் வேலையல்ல. நெம்பிப் பூட்டும் கொண்டிக்கு மேல் ஒரு குறுக்கு முளையும் போட்டுவிட்டால், கொண்டி தவறினாலும் ஆர்ம் திறக்காது. 'நெடுஞ்சாலையில் அவிழ்ந்து விழும்' என்ற பயத்துக்கு முழுப் பதில் இந்தக் கட்டையும் முளையும்தான். திறந்த நிலையில் ஆர்மைப் பிடித்து நிறுத்த இன்னொரு முளை வேண்டும். சரிவில் வண்டி நிற்கும்போது 75 கிலோ தானாகச் சுழன்று வந்து விலாவில் இடித்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சேஸிஸோடு பிணைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பரின் முனையில் இரண்டு போல்ட் போட்டு நிறுத்துவது போதாது. சேஸிஸின் பக்கவாட்டில் நீளமாகப் படியும் தகடு வேண்டும், அதில் பல போல்ட்டுகள் வேண்டும். பெட்டிபோல் மூடிய சேஸிஸாக இருந்தால் போல்ட் போகும் இடத்தில் உள்ளே குழாய்த்துண்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் இறுக்கும்போதே சுவர் உள்வாங்கும். வண்டியை இழுக்க மாட்டும் ஷாக்கிளின் தகடு பம்பரின் முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. குழாயைத் துளைத்துப் பின்னால் வரை போய் இரண்டு பக்கமும் வெல்டிங் ஆக வேண்டும். சேற்றில் புதைந்த வண்டியை நீளும் பட்டையால் வெடுக்கென்று இழுக்கும்போது பல டன் விசை அந்த ஒரு தகட்டில் வருகிறது. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கோத்து இழுத்து, அது உடைந்து குண்டுபோல் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அந்த உருண்டைகளெல்லாம் தொழிற்சாலையில் செய்தவைதான்.

இனி வெல்டிங். "உனக்குச் சான்றிதழ் உண்டா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் தவறான இடத்தில் நிறுத்திவிடுகிற கேள்வி. மிக் வெல்டிங்கில் பொதுவாகப் போடும் கம்பியின் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு. சாதாரணக் கட்டுமானத் தகடு 36,000 பவுண்டிலேயே வளையத் தொடங்கிவிடும். கம்பி உருகி இரும்போடு ஒன்றாகக் கலந்துவிட்டால் மூட்டு தகட்டைவிடப் பலமானது. கலக்காமல் மேலே படிந்து நின்றால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பலம் இருக்காது. கனமான தகட்டில் வீட்டு மின்சாரத்தில் ஓடும் சின்ன மெஷினை வைத்து ஒரே ஓட்டமாக ஓட்டினால் வருவது இதுதான். தகட்டின் கறுத்த மேல்தோலை வெள்ளையாகத் தேய்க்க வேண்டும், ஓரத்தைச் சரிவாக்க வேண்டும், மெஷினுக்குச் சக்தி போதாவிட்டால் பல அடுக்காகப் போட வேண்டும். அதே கனத்தில் மிச்சத் துண்டுகளை அதே அமைப்பில் ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் வளைய அடித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றைக் குறுக்கே அறுத்து, தேய்த்து, ஊடுருவல் எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பார்க்க வேண்டும். தகடு வளைந்து மூட்டு நிற்கிற வரை மெஷினின் அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "நீ எதைச் சோதித்தாய்?" என்று கேட்கிறவருக்கு நீட்டிக் காட்ட இந்தத் துண்டுகள் இருக்கும். கடையில் வாங்கியவரிடம் காட்ட என்ன இருக்கிறது, ரசீதைத் தவிர?

வேறு ஆபத்துகளும் உண்டு. துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் வைத்தால் அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் பொறி பறக்க விடக் கூடாது. இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் மெஷினைத் தொடுகிறவர் தொடவே வேண்டாம்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்குக் கனமானதாகப் படுவது ஒன்றுதான்: பின்னால் வரும் சிறிய கார் இந்த விறைப்பான இரும்பில் மோதினால் அந்தக் காரில் இருப்பவர்களுக்குத்தான் அடி. உண்மை. தொழிற்சாலைப் பம்பரின் மெல்லிய தகடு நசுங்கி விசையில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். கனத்த குழாய் வாங்காது. ஆனால் இது ஸ்டீல் பம்பருக்கு எதிரான வாதம், கராஜுக்கு எதிரானதல்ல. கடையில் வாங்கியதும் அதே கனம், அதே விறைப்பு. சொந்தமாகச் செய்கிறவரிடமாவது ஒரு சுதந்திரம் இருக்கிறது. பம்பரைப் பழைய உயரத்திலேயே வைக்கலாம், முனைகளைத் துருத்தாமல் உடலோடு சேர்த்து வெட்டலாம், டயர் எந்த விளக்கையும் மறைக்காதபடி ஆர்மின் உயரத்தை அமைக்கலாம். ஏர்பேக் உள்ள புது வண்டியின் முன் பம்பர் வேறு கதை. அங்கே மோதலை உணரும் கருவிகள் வண்டி நசுங்கும் விதத்தை நம்பியிருக்கின்றன. என் வாதத்தை யாரும் அங்கே கொண்டுபோக வேண்டாம்.

கராஜ்காரர்களிடமும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: கனம் கூடினால் பலம் கூடும் என்பது. 2க்கு 6 அங்குலக் குழாயில் கனம் 3/16 அங்குலமாக இருந்தால் மீட்டருக்கு 14 கிலோ. கால் அங்குலமாக்கினால் 18 கிலோ. பின் அச்சுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரங்களின்மேல் இருக்கும் பளுவைக் குறைக்கும், இறக்கத்தில் பிரேக்கைச் சோதிக்கும். கீல் சரியாக இருக்கிற மெல்லிய பம்பர், கீல் தவறான கனத்த பம்பரைவிட எந்த நாளும் மேல்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேஸிஸ் ஓரிடத்தில், உடல் இன்னொரு பட்டறையில் என்பது நமக்குப் புதிதல்ல. கரூரில் பாடி கட்டிய பஸ்ஸில் ஏறாதவர்கள் நம்மில் குறைவு. அந்தத் தொழிலுக்கு ஏஐஎஸ்-052 என்ற விதித்தொகுப்பு வந்தபோது, கட்டுகிறவர் பெரிய கம்பெனியா என்று அது கேட்கவில்லை. கட்டுமானம் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது. அதே மூச்சில் இன்னொன்றும்: 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டிகளில் கிராஷ் கார்டும் புல் பாரும் பொருத்தக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நம் ஊரில் கையால் செய்தது, கடையில் வாங்கியது என்ற பேதமெல்லாம் அந்த உத்தரவுக்கு இல்லை. நான் பேசுவது இதை அனுமதிக்கிற இடங்களைப் பற்றி.

வெல்டிங்கில் கை இன்னும் நிற்காதவர்கள் அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. அளவெடுப்பது, அறுப்பது, ஓரம் சரிப்பது, புள்ளி வைத்து நிறுத்துவது, ஆர்ம் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் தாங்களே செய்துவிட்டு, ஸ்பிண்டில், சேஸிஸ் தகடு, ஷாக்கிள் தகடு என்ற மூன்று இடங்களை மட்டும் ஒரு தேர்ந்த வெல்டரிடம் கொடுக்கலாம். பேரிங் உட்காரும் இருக்கையை லேத்தில் கடைந்து வாங்கலாம். வேலை முடிந்து சில நூறு மைல் கரடுமுரடான பாதையில் ஓட்டியபின் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, அந்த மூன்று இடங்களிலும் பெயின்டில் முடிபோல் ஏதாவது ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் வாங்கியவர்களும் இதைச் செய்தாக வேண்டும். அவர்களில் பலர் செய்வதில்லை, வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில்.